உள்ளே எத்தனை பேர்?

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு யூலை மாதம், இந்த நாட்டின் நடுக் குளிர்காலத்தில், எங்கள் நோபல் பார்க் வாடகை வீட்டு ஹீற்றர் நின்றுபோனது. அப்பா வீட்டு ஏஜென்ட்டுக்கு ஒருமுறை சொன்னார். மறுபடி சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "சும்மா சும்மா கரைச்சல் குடுத்தா வீட்டை விடச் சொல்லிப்போடுவாங்கள்" என்றார். ஆகவே வீட்டுக்குள்ளேயே தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு திரிந்தோம். சோறு கோப்பையில் போட்ட கையோடு ஆறிப்போனது.

எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. படகில் வந்தவர், விசா முடிவு வராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் அதே குளிர். ஒரு ஞாயிறு பின்னேரம், "இண்டைக்குப் பிள்ளையளுக்குக் கணகணப்பு எண்டா என்னெண்டு காட்டுறன்" என்று பின்வளவில் கிடந்த பார்பிக்யூ அடுப்பைத் தூக்கினார்.

மாமா கவனமான மனிதர். கரியை வெளியே வைத்தே மூட்டி, புகை முழுவதும் அடங்கிக் கங்கு சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்தார். நாங்கள் சுட்டுக்கொள்ளாமல் சுற்றிவரக் கதிரைகளை அடுக்கினார். யன்னல்களைச் சாத்தினார். கதவின் கீழ் இடைவெளியில் துவாயைச் சுருட்டி வைத்தார். புகைதான் ஆபத்து என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நிறமும் மணமும் இல்லாத நஞ்சொன்று கங்கிலிருந்து வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது.

என் கால்விரல்கள் மெல்ல உயிர்பெற்றன. அடுப்புக்கு ஆகக் கிட்ட இருந்த மாமா பாட்டுப் பாடினார். அப்பாகூடச் சிரித்தார். என் குட்டித் தம்பி அம்மாவின் மடியில் நித்திரையானான். எனக்குத் தலையிடித்தது. அம்மா அவனைக் கிடத்திவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்தார். சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து இருந்துவிட்டார். "என்னப்பா, என்ன செய்யுது?" என்று பதறிய அப்பா தம்பியை உலுக்கினார். அவன் கண் திறக்கவில்லை.

அப்பா அவனைத் தூக்க, மாமா அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு முன்புல்லில் வந்து விழுந்தார். பக்கத்து வீட்டு அன்ரி ஓடிவந்தார். விசயத்தைக் கேட்டதும், "ஐயோ, கரியை உள்ளுக்கோ வைச்சனீங்கள்? ஒருத்தரும் திரும்பி உள்ள போகாதேங்கோ!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தார். தம்பி கண் திறந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். அதைப் பார்த்து அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய உருவமாக ஒருவர் இறங்கி, உள்ளே எத்தனை பேர் இருந்தீர்கள், எல்லோரும் வெளியே வந்தாயிற்றா என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஃபோர்" என்றார் அப்பா. "ஆல் ஹியர்."

நான் திரும்பிப் பார்த்தேன். புல்லில் மாமாவைக் காணோம். "நோ, ஃபைவ்!" என்று கத்தினேன். "மை அங்கிள்! அப்பா, மாமாவை விட்டுட்டீங்கள்." அப்பா என் கையை இறுக்கினார். எனக்கு வலித்தது.

தீயணைப்புக்காரர்கள் தேடிப்போனபோது, மாமா பின்வளவு ஷெட்டின் பின்னால், வேலியோடு ஒட்டிக் குந்தியிருந்தார். சைரன் கேட்டதுமே அங்கே போயிருக்கிறார். எழ முயன்று, முழங்கால் மடிந்து விழுந்தவரைத் தூக்கிவந்தார்கள். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நஞ்சு கூட ஏறியிருந்தது. தாமதித்திருந்தால் அந்த வேலியோடேயே முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விசாவைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் மறுநாளே வீடு திரும்பினோம்; மாமா இரண்டு நாள் கழித்து வந்தார். அப்பா ஏஜென்ட்டிடம் நேரே போய் நின்று ஹீற்றரைத் திருத்துவித்தார்.

எனக்கு மறக்காதது ஆம்புலன்சுக்குள் கண்ட மாமாதான். வாயில் ஒட்சிசன் மூடி. தீயணைப்புக்காரர் தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தினார். அந்தச் சீருடைக் கை தோளில் பட்டதும் மாமா நடுங்கத் தொடங்கினார். மேலே ஒரு போர்வை போட்டார்கள். நடுக்கம் நிற்கவில்லை. அவருடைய கண்கள் அந்தச் சீருடையை விட்டு அகலவேயில்லை.

மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆகவே அவருக்காக நானே ஆங்கிலத்தில் சொன்னேன், அவருக்கு இன்னும் குளிர்கிறது என்று. கேட்டு, இன்னொரு போர்வையும் வாங்கிப் போர்த்திவிட்டேன்.