ஜெர்மன் காரைக் கொடுத்து ஸெடான் வாங்கியது: மாட்டுங்கா, செம்பூர், தாராவி, மால்சேஜ்

எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் எங்கேயாவது போய்விடுவேன்.

1. விலை உயர்ந்த வேகக் காரை ஏன் விற்றேன்
2. செம்பூரில் நடந்தது
3. கார் விற்கப் போகும்போது மனைவியை ஏன் அழைத்துப் போகக் கூடாது
4. தாராவியில் செய்த மாற்றங்கள், செலவு
5. மால்சேஜ் மலைப்பாதை (போய் வந்து எழுதுகிறேன்)

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஹோட்டலில் காபி ஆறிப்போய் வந்தாலும் குடித்துவிட்டு, பில்லைக் கொடுத்துவிட்டு வருகிற ரகம். மலைப்பாதையில் கார் ஓட்டும்போது மட்டும் எனக்குப் பயம் வருவதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிய பில்டர் குடியிருந்தவர்களுக்குக் கொடுத்த தொகையில், மூன்று வருஷம் முன்பு ஒரு ஜெர்மன் கார் வாங்கினேன். அறுபத்தெட்டு லட்சம். நின்ற இடத்திலிருந்து ஐந்து விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்றார்கள். எங்கே தொடுவது? கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் போவதற்குள் மூன்று இடத்தில் வண்டியின் அடிவயிறு உரசும். ஒரு குழியில் டயர் கிழிந்தது. ஒரே ஒரு டயர், முப்பத்தெட்டாயிரம். பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். ஸ்பிரிங்கை மாற்றிக் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று சர்வீஸில் கேட்டேன். "கையை வெச்சா வாரண்டி போயிடும், அங்கிள்" என்றான் ஒருவன், என்னைப் பார்க்காமலே. என் காசு, என் கார், என் கை. ஆனால் தொடக் கூடாது! மூன்று வருஷத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. அதில் பாதி, பேட்டரி செத்துப் போகாமலிருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றியது.

என் லைசென்ஸ் அடுத்த வருஷக் கடைசியில் முடிகிறது. கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது. டாக்டர் மறுபடியும் சர்டிபிகேட் கொடுப்பாரா என்பது சந்தேகம். மிச்சமிருக்கும் மாதங்களைப் பார்க்கிங்கில் துணி போர்த்திக் கழிக்க எனக்கு இஷ்டமில்லை. நானே ஓட்டக்கூடிய, எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கார் வேண்டும். அவ்வளவுதான்.

செம்பூரில் பழைய கார் விற்கும் கடை ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர்; காலை பத்தரைக்குக் கிளம்பினால் அரை மணி. அங்கே இரண்டு வருஷம் ஓடிய ஒரு ஸெடான் இருந்தது. டர்போ எஞ்சின், கையால் போடும் கியர், பதின்மூன்று லட்சம். அதற்காக ஏற்கெனவே இரண்டு முறை போய், "யோசித்துச் சொல்கிறேன்" என்று திரும்பியிருந்தேன். அக்டோபரில், மழை விட்ட பிறகு, மூன்றாம் முறை போனபோது என் மனைவி லலிதாவும் வந்தாள்.

கடைக்காரர் ஹிந்தியில், என் காருக்கு முப்பத்துமூன்று லட்சம் என்றார். உடனே நாங்கள் இருவரும் மாட்டுங்காத் தமிழர்கள் காலங்காலமாகச் செய்வதைச் செய்தோம். முகத்தை அசைக்காமல், வெயிலைப் பற்றிப் பேசுவது போல, அவர் எதிரிலேயே தமிழில் பேசிக்கொண்டோம். தாதரில் புடவைக் கடை, மார்க்கெட்டில் வாழைக்காய், எல்லா இடத்திலும் எங்களுக்கு இது பழக்கம்.

"ஏன்னா, முப்பத்தஞ்சு குடுத்தான்னா தள்ளிவிட்டுடுங்கோ."

"முப்பத்தெட்டுக்குக் கீழ முடியாது. மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசி என்ன ஆகணும்? அவனுக்கு என்ன புரியப் போறது? முப்பத்தஞ்சே ஜாஸ்தி, அந்த வண்டிக்கு."

கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "லாஸ்ட் ப்ரைஸ், முப்பத்தைந்து" என்றார் ஹிந்தியில். லலிதா சொன்ன அதே தொகை, என்ன பொருத்தம் என்று வியந்தேன். முப்பத்தெட்டு என்று கேட்க வாய் வராமல் கையெழுத்துப் போட்டேன். பேப்பர் வேலை முடிந்து, ஒரு வாரம் கழித்து ஸெடானை எடுக்கப் போனோம். கேட்டைத் திறந்துவிட்ட கடைக்காரர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"பாத்துப் போங்க மாமி. சுமன் நகர்கிட்ட ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்."

சுத்தமான தமிழ். நான் பிரேக்கை மிதித்தேன்.

"இங்க பக்கத்துல சேடா நகர்லதான் வளந்தேன், சார். மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் உங்க ஆளுங்க" என்று சிரித்தார்.

அன்று நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குப் புரிந்திருக்கிறது. மூன்று லட்சம் போச்சு! பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன், கசிவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சயான் சிக்னலில் எதற்கென்று தெரியாமல் ஹாரனை அமுக்கினேன். முன்னால் நின்ற ஆட்டோக்காரன் தலையை நீட்டி, "க்யா அங்கிள், உட்கே ஜாவூ(ங்) க்யா?" என்றான். பறந்தா போகச் சொல்கிறாய் என்று அர்த்தம். ஆமாம், பற! அங்கிருந்து நேராகத் தாராவிக்கு விட்டேன். மூன்றாவது பாயிண்ட் இதுதான்: விலை பேசப் போகும்போது தனியாகப் போங்கள்.

தாராவி தொண்ணூறடி சாலையில் செல்வராஜின் ஒர்க்ஷாப். திசையன்விளைப் பக்கத்துக்காரர். வேலை சுத்தம், வாய் நிற்காது.

"சைலன்சர மாத்திருவமா சார்? மாட்டுங்கால ஸ்டார்ட் பண்ணா வடாலால கேக்கும்."

"வேண்டாம். அது சட்டப்படி குற்றம்."

"பின்னால ரெக்கை மாதிரி ஒரு ஸ்பாய்லராவது வைப்போம். வயசுப் பிள்ள மாதிரி இருக்கும், பாத்துக்கிடுங்க."

"வண்டியா, இவரா?" என்றாள் லலிதா. ஒர்க்ஷாப்பே சிரித்தது.

"வேண்டாம் என்றால் வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

"சரி சார், சரி. கோவப்படாதிய" என்றார் செல்வராஜ்.

செய்தவை: ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர் எழுபத்தெட்டாயிரம். பிரேக் பேடு பதினாலாயிரம். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல பிடிமானமுள்ள நான்கு டயர்கள் நாற்பத்தாறாயிரம். கழுத்தை அதிகம் திருப்பாமல் ஓட்ட, சீட்டை உயர்த்தி, பக்கக் கண்ணாடிகளில் சின்ன வளைவுக் கண்ணாடி ஒட்டியது ஆறாயிரம். கூலி ஒன்பதாயிரம். எஞ்சின் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. இன்ஷூரன்ஸில் தகராறு வரும்.

இதுவரை மலைக்குப் போகும் முன்பே எழுதி வைத்தது. மாற்றவில்லை.

மால்சேஜ் எங்கள் வீட்டிலிருந்து சுமார் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். முலுண்டில் இப்போது காருக்கு டோல் இல்லை. கல்யாணைத் தாண்ட ஏழு. முர்பாடில் டிபன், மிசள் பாவ், இருவருக்கும் நூற்றறுபது ரூபாய். பிறகு மலை. இரண்டாவது கியரில் வளைவுக்குள் விட்டு, மூன்றாவதில் வெளியே எடுத்தேன். வண்டி சாயவில்லை, உரசவில்லை, கை சொன்னதைக் கேட்டது. லலிதா கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். மேலே டீக்கடையில் சொன்னாள்.

"அவனுக்குத் தமிழ் தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்துண்டிருந்தேள். அவன் போன்ல எந்த டிரைவரையோ தமிழ்ல திட்டிண்டிருந்தான்."

"தெரிஞ்சுண்டேவா முப்பத்தஞ்சுன்னே?"

"பின்னே? ரெண்டு தடவை யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்தேள். மூணாவது தடவையும் அப்படியே திரும்பி வந்திருப்பேள். கழுத்து உங்களுக்காகக் காத்துண்டிருக்குமா?"

கோபம் வந்தது, முன்பைவிட அதிகமாக. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, வந்த வழியே இறங்கினேன். எல்லா வளைவுகளையும் நன்றாகவே எடுத்தேன்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் பாறை சரியும், மாலை நான்குக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கும். எட்டு மணிக்குள் முர்பாடைத் தாண்டுங்கள். பெட்ரோலைக் கல்யாணிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மாற்றங்கள் செய்வதற்கு முன் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள். வாங்குகிறவர் எதிரில் எந்த மொழியிலும் விலையைச் சொல்லாதீர்கள்.

மூன்று லட்சத்தின் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனால் மூன்றாவது பாயிண்டில் நான் எழுதியது தவறு. தனியாகப் போயிருந்தால் அந்த ஸெடான் இன்றும் செம்பூரில்தான் நின்றிருக்கும், நான் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.