இன்குபேட்டர் கதவில் ஒரு சீட்டு

"பட்டினியில இருக்குதுங்க. தொடாதீங்க." ஆய்வக இன்குபேட்டரின் கதவில் அக்கா நீல மையில் எழுதி ஒட்டிய சீட்டு அது. ஏதோ விரதம் இருக்கும் மாமியாரைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கிறதே என்று ஆராய்ச்சி மாணவர்கள் நாங்கள் சிரிப்போம். துடியலூரிலிருந்து வரும் ஆய்வக உதவியாளர் அக்கா. தட்டுகளில் செல்களை வளர்த்துத் தருவது அவர் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார்.

என் ஆராய்ச்சி இவ்வளவுதான். செல்களுக்கு ஊட்டம் தரும் சீரத்தை ஒரு நாள் நிறுத்தினால் அவை ஓய்ந்து கிடக்கும்; அக்கா எழுதிய பட்டினி அதுதான். பிறகு துளி வளர்ச்சிக் காரணியை விட்டால், அந்தச் செய்தி உட்கருவரை போய், உறங்கிக் கிடந்த ஒரு மரபணு அரைமணி நேரத்துக்குள் படியெடுக்கப்படத் தொடங்கும். காரணி விடாத தட்டில் அது உறங்கியபடியே இருக்க வேண்டும். அப்போதுதான் எழுப்பியது காரணிதான் என்று அடித்துச் சொல்லலாம். எனக்கோ இரண்டு தட்டிலும் விழித்துக்கொண்டது.

பேராசிரியர் முகம் சுளித்தார். அக்கா சீரத்தை நிறுத்த மறந்திருப்பார் என்று கூசாமல் சொன்னேன். "நிறுத்திப்போட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போனேன்" என்றார் அக்கா. வேறு யாராவது தட்டைத் தொட்டீர்களா என்று பேராசிரியர் கேட்டபோது, இல்லை என்றேன். உண்மையில் சோதனையன்று காலை, காரணி விடுமுன், செல்கள் கிடக்கும் திரவம் பழசாகத் தெரிகிறதே என்று இரண்டு தட்டிலும் நான்தான் புதிதாக மாற்றியிருந்தேன். சீரம் கலக்காத திரவம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுவாரம் அக்காவைக் குப்பி கழுவும் அறைக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார். கதவில் இருந்த சீட்டை நான் உரித்து என் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வருடங்கள் கழித்து என் மாணவன் ஒருவன் அதேபோல் திரவத்தை மாற்றினான். அவனுக்கும் இரண்டு தட்டிலும் மரபணு விழித்தது. மாற்றுகிறபோது ஏற்படும் அந்த அலைக்கழிப்பே செல்லை எழுப்பப் போதும். பழைய குறிப்பேட்டைத் தேடி அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன்.

போன மாதம் துடியலூர் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. சாப்பிட்டீங்களா என்றுதான் முதலில் கேட்டார். "அக்கா, அன்னைக்கு அந்தத் திரவத்த நான்தான்..." என்று இழுத்தேன்.

"தெரியுமுங்க அம்மணி. அன்னிக்குக் குப்பைக் கூடைய நான்தானுங்களே கொட்டுனேன். நீங்க திரவத்த உறிஞ்சி மாத்துன பிப்பெட்டு அதுல கெடந்துச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துபோட்டேனுங்க."

அவர் போகவேண்டிய பேருந்து வந்துவிட்டது. வாரேனுங்க என்று ஏறிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் என் வாயிலேயே நின்றுவிட்டது.

அந்தச் சீட்டை இப்போது என் ஆய்வகத்து இன்குபேட்டரில் ஒட்டியிருக்கிறேன். மை வெளுத்துவிட்டது. மாணவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். யார் எழுதியது என்று நேற்று ஒருத்தி கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இதை உங்கள் பேராசிரியரிடம் சொன்னீர்களா என்று கேட்டாள்.