கருட சேவையன்று இடம் மாறிய தண்ணீர்

“அண்ணா, நாளைக்குப் பாதித் தண்ணீர் மாற்றணும். குழாய்த் தண்ணீரை இன்றைக்கே பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள். மருந்து வாசனையோடு ஊற்றினால் மீன் செத்துவிடும்.”

2024 வைகாசி, கருட சேவைக்கு முந்தைய நாள் தேதியிட்ட துண்டுச் சீட்டு இது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் செவிலியர், தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது தன் இரண்டு தங்கமீன்களையும் என்னிடம் விட்டு, தொட்டியின் மேல் இதை ஒட்டிவிட்டுப் போனார்.

நகரத்துக் குடிநீரில் கலக்கும் குளோரின் நம்மை ஒன்றும் செய்யாது. மீனின் செவுளுக்குத்தான் ஆகாது. வெயிலும் காற்றும் பட ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடுமாம். வீட்டுக்குள் வெயில் ஏது? அண்டா நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தேன். அவ்வப்போது மொண்டு ஊற்றி ஆற்ற ஒரு சொம்பையும் பக்கத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலை, சுவாமி வரும் வழியில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். தொட்டியின் காற்று மோட்டார் நின்றுபோனது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. புதுத் தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும் என்று கதவைத் திறந்தால், வாசலில் வரிசை! சேவை பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், தண்ணீர்ப் பந்தல் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மாள் என் சொம்பால் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

“தள்ளாதீங்கப்பா, எல்லாருக்கும் இருக்குது!”

எட்டிப் பார்த்தேன். அண்டாவின் அடி தெரிந்தது.

“அம்மா, அது மீனுக்கு வெச்ச தண்ணி!”

அப்போதுதான் குடித்து முடித்த பெரியவர் திடுக்கிட்டார். “இன்னா சார், மீனு நீந்துன தண்ணியா?”

“இல்லைங்க, இனிமேதான் நீந்தணும்.”

“அப்போ மீனுக்கு முன்னாடி நாங்க முந்திக்கினோம்!”

வரிசையே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் உள்ளே வந்து தொட்டியையும் அதில் ஒட்டியிருந்த சீட்டையும் பார்த்தார். “ஐயோ, மூச்சு வாங்கிக்கினு கீதுங்களே! டேய், வேன்ல இருக்கிற கேனை எடுத்தாடா. எங்க ஊரு கெணத்துத் தண்ணி சார், மருந்து கிருந்து ஒண்ணும் கெடையாது.”

மாடிவீட்டுச் செவிலியரைப் போனில் கேட்டேன். கல்யாண மேளத்துக்கு நடுவே கத்தினார்: “ஊத்துங்கண்ணா! ஆனா ஒரேயடியா வேணாம், கொஞ்சங்கொஞ்சமா!”

பழைய தண்ணீரை நான் மொண்டு எடுக்க, காற்றும் கலக்கட்டும் என்று கை உயரத்திலிருந்து அந்த அம்மாள் மெல்ல ஊற்றினார். தெருவில் நாதஸ்வரம் நெருங்கியது. கூட வந்தவர்கள், “யக்கா, கருடன் வந்துட்டாரு, வா!” என்று அவசரப்படுத்தினார்கள்.

“இருங்கடி, இதுங்க கீழ எறங்கட்டும்.”

முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று, வாலை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கியது. அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி தெருவுக்கு ஓடினார். நன்றி சொல்ல நான் வெளியே வந்தபோது சுவாமியின் குடைகள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் அவரைக் காணவில்லை.

ஊர் பெயர் தெரியாத ஒரு கிணற்றுத் தண்ணீரில் பிழைத்த அந்த மீன்களைப் பார்க்கும்போதெல்லாம், முன்பின் தெரியாதவர் வீட்டு மீனுக்காகவும் ஒருவரால் நின்று ஊற்ற முடியும் என்பது என் மனத்தை லேசாக்குகிறது. அன்று அவருக்குக் கருட தரிசனம் கிடைத்ததா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.