சும்மாதான் இருந்தேன் என்று சொன்னேன்

கணவர் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்தோம். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வேலை கேட்டு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன்.

"முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்றார் மேலாளர் அம்மா.

"எங்கியும் இல்லீங்க. வூட்டுல சும்மாதான் இருந்தேன்."

"அனுபவம் உள்ளவங்கதான் வேணும்மா."

வாசலில் செருப்பை மாட்டும்போது சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஷிப்ட் பஸ் கடந்து போனது. அந்த பஸ்ஸுக்கு நேரமாகாமல் எத்தனை வருஷம் அவருக்குச் சோறு கட்டியிருப்பேன்! திரும்பிப் போனேன்.

"படுத்த படுக்கையா கெடந்த மாமியார வருஷக்கணக்கா நான்தாங்க பாத்துகினேன். வூட்டுக்காரரு மூணு ஷிப்டுக்கும் சோறும் கட்டுனேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

வேலை கிடைத்தது. இப்போது அங்கே வேலை கேட்டு வரும் பெண்களிடம் முதலில் பேசுவது நான்தான். "சும்மாதான் இருந்தேன்" என்று யாராவது சொன்னால் விடுவதில்லை.

"யாரப் பாத்துகினு சும்மா இருந்தீங்க?" என்று கேட்கிறேன்.