வெள்ளைக் களி அடுக்கு

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு சிறு குன்றைப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். பழைய குவாரிக்காக வெட்டிய சரிவு அங்கே சுவர்போல நிற்கிறது. படிவுப் பாறை அடுக்குகளை அடையாளம் காட்ட என் மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன்.

"மேல செம்புறாங்கல், நடுவுல கூழாங்கல், கீழ வெள்ளைக் களி. கிட்ட போய்த் தொட்டுப் பாருங்க" என்றேன்.

சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்த காவல்கார அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றார். பேசும்போதும் அவர் கண் சரிவை விட்டு விலகவில்லை.

"அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க சார். மழ பேஞ்சிருக்கு. வெள்ளக் களி வழுக்குனா மேல உள்ள கல்லு மொத்தமா எறங்கிரும்."

நான் சொல்லியிருக்க வேண்டியது அது. வெட்கத்தோடு, "ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்குச் சுவரு பூச வெள்ள மண்ணு எடுத்தாடி ஆத்தான்னு எம் மகள நாந்தான் இங்க அனுப்புனேன். அப்ப பூங்கா இல்ல, வேலியும் இல்ல. சரிஞ்சு மூடிருச்சு சார்."

மாணவிகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நான்தான் கேட்டேன், "வேற எடத்துல வேலை பாக்கலாமேம்மா?"

"நான் போயிட்டா, தள்ளி நில்லுன்னு யாரு சார் சொல்லுவா?"

தினமும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவரால் எப்படி நிற்க முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.