நாலாம் நம்பர் பதில் சொன்னது

பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இன்றைக்குப் பெர்மாஸ் ஜெயாவில் நான் குடியிருக்கும் வரிசை வீடுகள் எல்லாம் நான் கட்டியவை. பத்து பாகாட்டில் ஹார்ட்வேர் கடையும் உண்டு. தற்பெருமை இல்லை லா, நடந்ததைச் சொல்கிறேன்.

என் வரிசையில் நாலாம் நம்பர் கிடையாது. சீனத் தவுக்கேகள், அதான் முதலாளிகள், நாலு என்றால் சாவு என்பார்கள்; அவர்கள் பாஷையில் ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அந்த நம்பரில் வீடு விற்காது. அதனால் மூணுக்கு அடுத்தது மூணு ஏ, அப்புறம் அஞ்சு. அப்படியும் மூணு ஏ வீட்டை யாரும் வாங்கவில்லை. நானே குடிவந்தேன். எனக்கென்ன பயம்?

என் மருமகள் விடிவதற்குள் எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூர் ஃபேக்டரி ஒன்றில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்து நெட்வொர்க் படித்தாள். திங்கட்கிழமை இண்டர்வியூ. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய் நெட்வொர்க் கட்டி, அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். போன தடவை ஒரு சின்னக் குளறுபடியில் வேலை கைநழுவியது. இந்தத் தடவையும் போனால் மறுபடி பெட்டிதான்.

அவள் வரைந்தது என் வரிசையையும் என் கடையையும். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், வீட்டு நம்பரே அதன் முகவரியின் கடைசி எண். நடுவில் ரூட்டர். எந்த முகவரி எந்தப் பக்கம் என்று பார்த்துத் தள்ளிவிடும் பெட்டி அது.

"நாலு போடாதம்மா," என்றேன்.

"கம்ப்யூட்டருக்குமா மாமா?"

"வீடு விக்கணுமா வேணாமா?"

சிரித்துக்கொண்டே நாலை விட்டுவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம். மழை கட்டி, கூடம் இருட்டிக் கிடந்தது. படத்தில் இருந்த கடையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிங் என்று பெயர். 'இருக்கியா' என்று நாலு தடவை கேட்கும். கேட்ட வீடெல்லாம் 'இருக்கேன்' என்றது.

"எங்கே, நாலைக் கூப்பிடு," என்றேன் விளையாட்டாக.

தட்டினாள். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த மூன்றுக்கும் வந்தது.

அவள் விரல் அப்படியே நின்றது. "அப்படி ஒரு மெஷினே நான் வைக்கல மாமா."

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அலமாக்! முதல் குரலுக்கு வாய் தொறக்கல பாத்தீங்களா? வெவரமான ஆளுதான்."

தோட்டத்தில் அது வழக்கம். ஆள் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பேசக்கூடாது. மனுஷன் என்றால் மறுபடி கூப்பிடுவான். பேய் ஒரு தடவையோடு சரி.

"நீங்க வேற அத்தே! முதல் தடவை வழி தேடும், அதான் பேசாது." என்றாள் மருமகள். "தெரியாத ஒண்ணு பதில் சொன்னா, நாளைக்கு என்னை எந்திரிச்சுப் போகச் சொல்லிடுவாங்க."

இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று படத்து வீடுகளின் கேபிளைப் பிடுங்கினாள். செத்த தெருவில் நாலு மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் மூணு ஏ கேபிளை எடுத்தாள். நின்றது.

முகவரியில் எழுத்துப் போட முடியாதாம். அதனால் மூணு ஏ வீட்டை மட்டும், தானே ஒரு எண்ணை வாங்கிக்கொள்ளட்டும் என்று ரூட்டரிடம் விட்டு, அப்புறம் மறந்துவிட்டாள். மற்ற வீட்டு எண்களை ரூட்டர் தொடக்கூடாது என்று ஒதுக்கியிருந்தாள். இடையில் காலியாகக் கிடந்தது நாலு ஒன்றுதான். ரூட்டர் அதை எடுத்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டது.

அப்போ இவ்வளவு நேரம் பதில் சொன்னது நாங்கள் உட்கார்ந்திருந்த வீடா? முதுகு சில்லென்றது. ஃபேன் காற்றுதான்.

"வேற எண்ணுக்கு மாத்திடவா மாமா?"

"வேணாம். என்ன பேர் வச்சாலும் அது நாலுதான். உன் கையாலேயே நாலுன்னு போடு. கேட்டா, இருக்குன்னு சொல்லு."

போட்டாள். திங்கட்கிழமை கேட்டார்களாம், மூணு ஏ வீட்டுக்கு ஏன் நாலு என்று. நடந்ததையே சொல்லியிருக்கிறாள். சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்கள். பின்னே, யார் வீட்டு மருமகள்!

இப்போது பகலெல்லாம் அவள் புது வேலையில். மனைவி கோயிலுக்குப் போய்விட்டால் வீட்டில் நான் ஒருவன். போன வாரம் அப்படி ஒரு மத்தியானம், மழை கட்டிய நேரம், வாசல் கிரில் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"நாலு, இருக்கியா?"

இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத நம்பர் அது. நான் பயந்தவன் இல்லை. டிவியை அணைத்துவிட்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பால் போடாத தே ஓ ஆறிப்போனது. கூப்பிடவில்லை.