நெருங்கிய ஒருவர் சொன்ன செய்தி

லா சப்பல் கடைத்தெருத் தேநீர்க் கடையில் பிரெஞ்சுப் பத்திரிகையை நண்பர்களுக்குத் தமிழில் சொல்வது என் வழக்கம். அன்று உதைபந்தாட்டப் பக்கத்தில், எங்கள் அணியின் கோல் காப்பாளர் காயமென்று நடிப்பதாகப் போட்டிருந்தது. சொன்னேன்.

"ஆர் கண்டது, அண்ணை?" என்று கேட்டார் உணவகத்தில் சமைக்கும் நண்பர்.

திரும்பத் தேடிப் பார்த்தேன். பெயரே இல்லை.

"அவருக்கு நெருங்கின ஒருவராம்."

"போன வருசம் நான் முதுகு நோவெண்டு நடிச்சுத் தேர்வடம் பிடிக்க வரேல்லை எண்டு சொன்னதும் ஒரு நெருங்கின ஆள்தான். ஆரெண்டு இன்னும் தேடுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான். அவரிடம் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

"தேட வேண்டாம். அது நான்தான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"இப்பவாவது கேளுங்கோ, அண்ணை, முதுகு எப்பிடி எண்டு."

கேட்டேன்.